போன் வேகமாக ஓடுது

மேனேஜர் நேரத்தைத் திருடுகிற ஆள் என்பது இன்ஜினியருக்குக் காலை பத்தேகாலுக்கே தெரிந்துபோனது.

இன்ஜினியர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தான். நேர விஷயத்தில் மகா கறார். முட்டை வேகவைக்கக்கூட அலாரம் வைப்பான் என்று வீட்டில் மனைவி கேலி செய்வாள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் இந்தக் கிளையிலிருந்து போகிற மெயிலில் நேரம் உதைக்கிறது, கேள்வி போவதற்கு முன்பே பதில் வந்து நிற்கிறது என்று புகார். அதைச் சரிசெய்யத்தான் அனுப்பியிருந்தார்கள்.

அவன் ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்குள் லென்ஸ் பார்க்கும் அக்கா வந்து நின்றார். முப்பத்தோரு பேர் தேய்த்துத் தரும் லென்ஸ்களைக் கடைசியாகச் சோதிப்பவர். தலைமுடி கனத்தில் கீறல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“தம்பி, என் போன் ஏழு நிமிஷம் வேகமா ஓடுது. வாசல் மெஷின்ல எட்டு அம்பத்தெட்டுன்னா இதுல ஒன்பது அஞ்சு காட்டுது. கொஞ்சம் பார்த்துக் குடுங்களேன்.”

பார்க்கிறேன் என்றான். போனை மேஜை ஓரம் வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

அறை மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதுதான் டைம் சர்வர். எல்லாக் கம்ப்யூட்டருக்கும், கூடத்துக் கடிகாரத்துக்கும், வாசலில் விரல் வைக்கும் வருகை மெஷினுக்கும் மணி சொல்வது அதுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக அதனிடம் மணி கேட்டான். வெளியே இருக்கும் நம்பகமான சர்வர் ஒன்றிடமும் கேட்டான். இரண்டு பதிலையும் ஒப்பிட்டால், மூலைப் பெட்டி ஏழு நிமிடம் பின்னால் இருந்தது.

அக்காவின் போனை எடுத்துப் பார்த்தான். அது வினாடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டி தானாகக் கெடவில்லை. எப்போதும் ஏழு நிமிடம் குறைத்தே சொல்லும்படி அதை யாரோ அமைத்திருந்தார்கள். பதினாலு மாதத்துக்கு முன்னால், மேனேஜரின் பாஸ்வேர்டில்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பெனி வேன் ஒன்பதுக்கு முன்பே ஆட்களை இறக்கிவிடுகிறது, இறங்கியதும் வேலை. சாயங்காலம் ஐந்து என்று விடும்போது உண்மையில் ஐந்து ஏழு. தலைக்கு ஏழு நிமிடம் தினமும் சும்மா வேலை வாங்குகிறார். போதாததற்கு நல்ல போனைக் கெட்ட போன் என்று வேறு ஒருத்தரை நம்ப வைத்தாயிற்று.

கூடத்துக்குப் போய், பாலிஷ் போடும் பெரியவரிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். “தெரியும் தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் குனிந்த தலை நிமிராமல் லென்ஸைத் தேய்த்தார். எவ்வளவு பயமுறுத்தி வைத்திருந்தால் இப்படி இருப்பார்கள் என்று அவன் நினைத்தான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

“இத்தனை பேரோட நேரத்தை எடுத்துக்கறீங்க சார். இப்பவே மணியைச் சரி பண்ணப் போறேன். மேலயும் எழுதுவேன்.”

மேனேஜர் மறுக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

“எழுதுங்க. ஆனா அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.” கண்ணாடித் தடுப்பு வழியே அக்காவைக் காட்டினார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூட கேட் எட்டரைக்குத்தான் திறக்கும். அதற்குள் வேன் போய்விடும். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு பஸ் பிடித்து ஓட்டமும் நடையுமாக வந்தாலும் ஒன்பது ஐந்து ஆகிவிடும். மாதத்தில் மூன்று தாமதம் என்றால் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் தானாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். மூன்றாவது கடிதத்தோடு வேலை போய்விடும். பதினாலு மாதத்துக்கு முன்னாலேயே அவருக்கு இரண்டு கடிதம் வந்திருந்தது.

“மூணு தடவை எழுதிக் கேட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்னு பதில் வந்தது. சரின்னு எல்லாருக்கும் ஒண்ணாவே மணியை மாத்திட்டேன்.”

மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டான்.

“ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தர் மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். நம்ம பாலிஷ்காரர், எதுக்கும் பத்து நிமிஷமாவே வச்சுக்கோங்கன்னார்.”

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லையாம். யார் தயவிலும் இருக்க மாட்டார். தெரிந்தால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

இன்ஜினியருக்குத் தான் பேசிய பேச்சை நினைத்து வெட்கமாக இருந்தது. தன் இடத்துக்கு வந்தான். கம்ப்யூட்டர்களை மட்டும் மூலைப் பெட்டியிலிருந்து பிரித்து, வெளி சர்வரோடு நேராக இணைத்தான். மெயில் புகார் அதோடு தீர்ந்தது. அக்கா இந்தப் பக்கம் வந்தால் கண்ணில் படக்கூடாது என்று எல்லாத் திரையிலும் ஓரத்தில் தெரியும் மணியை மறைத்தான். வாசல் மெஷினையும் கூடத்துக் கடிகாரத்தையும் தொடவில்லை. தப்பென்று தெரிந்தே ஒரு கடிகாரத்தை விட்டுவைத்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனாலும் மனசு நிறைவாக இருந்தது.

சாயங்காலம் கூடத்துக் கடிகாரம் ஐந்து காட்டியதும் அக்கா பையை மாட்டிக்கொண்டு வந்தார். பின்னால் கிளம்பிக்கொண்டிருந்த முப்பத்தோரு பேரும் அப்படியே நின்றார்கள். பாலிஷ்காரர் இன்ஜினியரின் முகத்தையே பார்த்தார்.

“எது தப்பு தம்பி? போனா, ஆபீஸ் மணியா?” என்று அக்கா கேட்டார்.

வினாடி பிசகாமல் ஓடிய அந்த போனை அவன் இன்னொரு முறை பார்த்துவிட்டு அவர் கையில் கொடுத்தான்.

“போன்தான்க்கா. ஏழு நிமிஷம் வேகமா ஓடுது. அப்படியே விட்டுடுங்க, பஸ்ஸைத் தவற விடமாட்டீங்க.”