பெர்த்தோடு பூட்டிய லேப்டாப்

என் நரைத்த மீசைமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. லீவு கிடைக்காமல் கடைசி ரயிலில் தன் கல்யாணத்துக்குக் கிளம்பிய குமரகுருபரன், திருட்டுக்குப் பயந்து, ஆபீஸ் லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் நம்பர் பூட்டைச் செருகி, அதன் இரும்பு வடத்தைப் பெர்த்தின் காலில் சுற்றிவிட்டுத் தூங்கினான். ஊர் வந்தது. நம்பர்தான் நினைவுக்கு வரவில்லை. முகூர்த்தம் நெருங்கியதால் கல்யாண வீடே பிளாட்பாரத்துக்கு வந்திருந்தது.

"அத விட்டுட்டு இறங்குங்க மாப்ளே!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் மாமனார்.

"கம்பெனிப் பொருள் மாமா. இது போனா வேலையும் போச்சு. வேலையில்லாதவனுக்குப் பொண்ணு குடுப்பீங்களா?"

மாமனார் யோசித்தார். அதற்குள் மணப்பெண் மங்கையர்க்கரசி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியில் ஏறிவிட்டாள். பின்னாலேயே ஐயரும் நாயனக்காரரும் சாம்பார் வாளிகளும் ஏற, வண்டி நகர்ந்தது. டிக்கெட் பரிசோதகர் அட்சதை தூவினார். மேல் பெர்த்துக்காரர் படுத்தபடியே ஆசீர்வதித்தார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. மாப்பிள்ளை அதைப் பார்க்கவேயில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த லேப்டாப்பில் பூட்டு மாட்டும் துளையே கிடையாது.