சுருங்கி வந்த எழுத்து

ஆழ்கடல் நீரை மொண்டு வந்து அதன் வயதைக் கணிப்பது என் வேலை. எங்கள் ஆய்வுக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. நீர் மொள்ளும் கருவி நான்காயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கும்போது, ஆளுக்கொரு தெர்மாகோல் கப்பில் பிரியமானவர் பெயரை எழுதி, வலைப்பையில் போட்டு அதனோடு கட்டிவிடுவோம். கடலின் அழுத்தத்தில் கப் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி வரும். எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

கருவியைக் கம்பிவடத்தில் இறக்கி ஏற்றும் வின்ச்சை இயக்கும் சிலுவைதாசன், புயலில் படகோடு போய்த் திரும்பாத தன் அண்ணன் பனியடிமையின் பெயரை எழுதினார்.

“சார், அடியில போன தண்ணி திரும்ப எப்ப மேல வரும்?”

“ஆயிரம் வருஷமாகும்,” என்றேன் எரிச்சலோடு. “அதுவரைக்கும் கடல்ல செத்ததெல்லாம் அதுலதான் கரைஞ்சு கிடக்கும். மேல வந்தா மீனுக்குத் தீனி.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாலையில் பை மேலே வந்தது. எல்லாக் கப்புகளும் சுருங்கியிருந்தன. அவருடையதில், அண்ணன் பெயருக்குக் கீழே, அதே பொடி எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: ‘இன்னும் எத்தன வருசம்லே?’

அப்படி எழுதியதாகக் கப்பலில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

“அண்ணன் கையெழுத்துதான்,” என்றார் சிலுவைதாசன்.

மறுநாள் கருவி இறங்குமுன், ஒரு புதுக் கப்பையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

“கணக்கு தெரிஞ்சவரு, அண்ணனுக்குப் பதில நீங்களே எழுதிருங்க சார்.”

ஒன்று என்ற எண்ணைப் போட்டேன். மீதி மூன்று பூஜ்யங்களுக்குக் கை எழவில்லை.