ரேமுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று தமயந்தி ஒவ்வொரு பாகத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்து, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தாள். நினைவகமான ரேமுக்கு வைத்த பொட்டு, மதர்போர்டில் செருகும் அதன் தங்கப் பற்களில் பட்டுவிட்டது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று ஹேங் ஆனது.

பழி, சத்தம் போடும் ஃபேன் மேல் விழுந்தது. அதைக் கழற்ற அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"போய்ட்டு வரேன் தம்பி," என்றது ஃபேன்.

ரேம் அப்போதுதான் வாய் திறந்தது. "தப்பு என்னுதுண்ணே. பொட்டை அழிச்சிடுவாளேன்னுதான் வாயே திறக்கல."

ஃபேனைக் கழற்றுமுன் அவள் கடைசியாக ஒருமுறை பவர் பட்டனை அழுத்தியபோது, ரேம் வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டது. மதர்போர்டு 'பீப், பீப்' என்று கத்தி, கோளாறு ரேமில்தான் என்று காட்டிக்கொடுத்தது.

ரேமைக் கழற்றிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "அடடா, பல்லுக்கா பொட்டு வெச்சேன்?"

ரப்பரால் தேய்த்தாள். ரேம் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு, மேல் விளிம்பில் சந்தனம் சில்லென்று பட்டது.

"இதுதானே உன் நெத்தி!"