கட்டிலுக்கடியில் ஒரு கலயம்

"இன்னைக்கே அது வெளியே போகணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் வெளியே போகணும்."

மாடிப்படியின் அடியில் நின்று கனகாம்பாள் கத்தினாள். மேலே, மாடியில் குடியிருக்கும் காலேஜ் பையன்கள் செல்லக்கண்ணுவும் நல்லப்பனும் நின்றார்கள்.

'அது' என்றது ஒரு மண் கலயத்தை. வாயில் மஞ்சள் துணி கட்டி, செல்லக்கண்ணுவின் கட்டிலுக்கடியில் இருந்தது. மாடியைப் பெருக்கப் போன கனகாம்பாள் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டாள். உள்ளே சாம்பலும் எலும்பும்.

யார்தான் பொறுப்பார்கள்? சுடுகாட்டு மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டிய அஸ்தியை, ஒரு சுமங்கலி குடியிருக்கிற வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கலாமா?

இந்த ஒரு வருஷமாக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரங்கூனில் யூனிவர்சிட்டி வந்த புதிது. காலேஜ் பிள்ளைகள், அடக்கமாக இருக்கும் என்று நம்பித்தான் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருந்த தன் மரவீட்டு மாடியை வாடகைக்கு விட்டாள். நல்ல அடக்கம்! பலகைத் தரையில் செருப்புக் காலோடு தடதடவென்று நடப்பான் ஒருவன். ஙாப்பி என்கிற பர்மாக்காரர்களின் மீன் விழுதை வதக்கி வீடு முழுக்க மீன் நாற்றமாக்குவான் இன்னொருவன். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கோ போய் ஆஸ்பத்திரி மருந்து வாடையோடு வருவார்கள். கேட்டால், சீக்கிலே கிடக்கிற கூலிக்காரங்களுக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தோம் என்று ஒரு பதில். போன வாரம் செல்லக்கண்ணு மொட்டைத் தலையோடு வந்து நின்றான். "என்ன, பழனிக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்டாள். தலையைத் தடவிக்கொண்டு மாடியேறிவிட்டான்.

எப்போதோ விரட்டியிருப்பாள். மாடி வாடகையில்தான் அவள் அடுப்பு எரிந்தது. புருஷன் சபாபதி ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. "மோல்மீன்லே பெரிய வியாபாரம். தீபாவளிக்கு வந்துடுவார்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, தினம் குளித்து நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்வாள். எந்தத் தீபாவளிக்கு என்று யாரும் கேட்பதில்லை.

"ரெண்டே நாள்ம்மா" என்று கெஞ்சினான் நல்லப்பன். "வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கப்பல். செல்லக்கண்ணு கையோட கொண்டுபோய் ராமேஸ்வரத்துக் கடல்லே கரைச்சிடுவான். வாக்குக் கொடுத்திருக்கோம்."

"யாரு அது? உங்க சொந்தக்காரனா?"

"இல்லேம்மா. ஆஸ்பத்திரியிலே பழக்கம். நெல்லு மில்லுக் கூலி. பக்கத்திலே யாரும் இல்லே."

"அநாதைப் பொணத்தோட எலும்புக்கு என் வீடுதான் சத்திரமா? என் தாலி என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

நல்லப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். செல்லக்கண்ணு அவன் கையைப் பிடித்து அழுத்தினான்.

"பரீட்சைக்கு நேரமாச்சும்மா. சாயங்காலம் வந்து நாங்களே காலி பண்ணிக்கிட்டுப் போயிடறோம். அதுவரைக்கும் அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் ஓடினார்கள்.

சாயங்காலம் வரைக்குமா? எங்கேயோ இருக்கிற அந்த மனுஷனுக்கு இந்தத் தீட்டால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்?

தெருக் கூட்டுகிறவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் கலயத்தைக் கும்பிட்டுவிட்டு, "எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு தாயி" என்று நழுவிவிட்டான்.

வேறு வழியில்லை. ஈரப்புடவையோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவளே தூக்கிப் போனாள். பசுண்டான் ஓடையில் அரிசி ஆலைகளின் உமி மிதந்துகொண்டிருந்தது. கலயத்தைக் கவிழ்த்தாள். உமியோடு உமியாகச் சாம்பல் போயிற்று. "என் வீட்டுப் பக்கம் திரும்பி வந்துடாதே" என்று சொல்லிக் கலயத்தையும் எறிந்துவிட்டு, தலைமுழுகி வந்தாள்.

சாயங்காலம் பையன்கள் வந்தார்கள். மாடிக்குப் போன வேகத்தில் நல்லப்பன் இறங்கி ஓடிவந்தான்.

"எங்கேம்மா அது?"

"ஓடையிலே."

"யார் கொண்டுபோய்ப் போட்டது?"

"நானேதான். பின்னே என்ன பண்ணச் சொல்றே?"

அவன் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். மீசை முளைத்த பிள்ளை தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அதைப் பார்க்க அவளுக்கே சங்கடமாகிவிட்டது. குரல் இறங்கிற்று.

"பாவம்தான். எனக்கும் மனசு கேட்கல்லே. இருந்தாலும் நீயே நியாயத்தைச் சொல்லு. யாரோ ஒருத்தன் அஸ்தியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைங்கன்னு எவன் உங்களுக்குச் சொன்னான்?"

"வேண்டாம்டா, சொல்லாதே" என்றான் படியில் நின்ற செல்லக்கண்ணு.

நல்லப்பன் கேட்கவில்லை.

"செத்துப் போனவரே சொன்னாரும்மா. நாங்க இந்த மாடியிலே குடியிருக்கோம்னு தெரிஞ்சதும் கையைப் பிடிச்சிக்கிட்டார். 'அவகிட்டே ஒண்ணும் சொல்லிடாதீங்க தம்பி, குங்குமத்தோட இருக்கட்டும். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் மட்டும் என்னை என் வீட்டிலே வச்சிருங்க'ன்னு கேட்டார்."