மூலைக்கு ஒரு வட்டம்

நாக்கு துளைக்குள் இறங்க மறுத்தது.

அவள் கட்டும் படகின் குறுக்குச் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. அடிப்பலகையில் அதைவிட இம்மி பெரிதாக ஒரு செவ்வகத் துளை. இரண்டையும் கணினியில் வரைந்தவள் அவள். வெட்டியது பட்டறையின் இயந்திரம்.

அளந்தாள். துளை சரி. நாக்கும் சரி.

சுத்தியலால் ஓங்கி அடித்தாள். பிளைவுட்டின் ஓரம் சிலும்பியது.

அடுத்த அடி, அவள் மனசுக்குள், போன வருட வெள்ளத்தில் தெருமுனையோடு திரும்பிப்போன மீட்புப் படகின்மேல் விழுந்தது. அதற்கடுத்தது, "இடுப்பளவு தண்ணிதானே, தூக்கிட்டு வாங்க" என்று அதிலிருந்து மைக்கில் கத்தியவன்மேல்.

அப்பாவை யாராலும் தூக்க முடியவில்லை. டயாலிசிஸுக்குப் போகாமல், முகம் வீங்கி, மாடிப்படியில் கிடந்தார்.

இந்த வருட மழை கடலில் உருவாகிவிட்டதாம்.

கார் நிறுத்துமிடத்தில் சத்தம் கேட்டு அசோசியேஷன் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மீன் பிடிக்கக் கிளம்பியாச்சா? ஞாயித்துக்கிழமைக்குள்ள எடத்தக் காலி பண்ணிடுங்க. என் காரு வெயில்ல நிக்குது."

"மழை வரட்டும் சார். தண்ணியில நிக்கும்."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

பட்டறைக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"மேடம், நீங்க வரைஞ்ச கோட்டுலதான் மெஷின் போயிருக்கு. ஒரு நூலும் மாறல."

போனை வீசப்போன கை நின்றது. துளைக்குள் விரலை விட்டாள்.

மூலை குத்தவில்லை. வழுக்கியது.

இயந்திரத்தில் வெட்டுகிற கம்பி உருளை வடிவம். சுழன்றுகொண்டே போகும். துளைக்குள் திரும்பும்போது மூலையில் தன் வளைவை விட்டுப் போகும். நாக்கைச் சுற்றி வெளியே போகும்போதோ மூலையைக் கத்திபோல் கூராக்கிவிடும். திரையில் இரண்டுக்கும் கூர் மூலைதான்.

வரைந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு வட்ட அரத்தை எடுத்தாள். நான்கு மூலைகளையும் தோண்டினாள். உள்ளங்கையால் அழுத்தினாள்.

அப்பாவைப் படுக்கவைக்கும்போது தலைமாட்டில் வரும் சட்டம் உட்கார்ந்தது.

மீதிப் பலகைகள் இன்னும் பட்டறைக்குப் போகவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள்.

துளையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன வட்டம். வெட்டும் கம்பியைவிட மயிரிழை பெரிதாக. வட்டத்தின் விளிம்பு மூலைப் புள்ளியைத் தொட வேண்டும்.

நாக்கு கையாலேயே இறங்கிவிடும்.