கட்டைக்காரி

“பிடுங்குறியா, இல்ல டிராக்டரை விட்டு வேரோட பெயர்க்கட்டுமா?”

வரப்பில் நின்றவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஊர்க் காக்கையெல்லாம் பறந்திருக்கும். எதிரே, இடுப்பில் கை வைத்து ஒற்றை ஆளாக அவள். ஆலைக் கொதிகலனில் எரிப்பதற்கென்றே கிடுகிடுவென்று வளரும் மரத்தைத் தன் துண்டு வயலில் நட்ட நாளிலிருந்து அவளுக்குப் பேரே ‘கட்டைக்காரி’.

“சோறு போடுற மண்ணுல விறகு வளர்ப்பாங்களா?”

“வருஷா வருஷம் வெள்ளம் வந்து என் பயிரைத் தின்னுச்சே, அப்ப எவன் சோறு போட்டீங்க?”

“தண்ணியை எல்லாம் உறிஞ்சிடும்!”

“உங்க மோட்டாரெல்லாம் தண்ணிக்குத் தாலாட்டா பாடுது? பேங்க்ல கடன் கேட்டா, இது பயிரே இல்லேங்கறான். மானியம் கேட்டா, வயல்ல நிக்குது, மரமே இல்லேங்கறான். நீங்க களைங்கறீங்க. எனக்கு இது பிழைப்பு. போய் வேலையைப் பாருங்க!”

கூட்டத்துக்கு முன்னால் நின்ற அவள் சொந்த அண்ணன் தொண்டையைச் செருமினான்.

“டிராக்டர் வேணாம். என் தங்கச்சி வயல். அரிவாளோட நானே இறங்கறேன்.”

“வா அண்ணே! முதல்ல என்னை வெட்டு!”

அன்று முதல் வயலே கதியென்று காவல் கிடந்தாள். ஒரு நாள், கட்டை வாங்கும் ஆலைக்காரர் கூப்பிட்டாரென்று போய்விட்டுத் திரும்பினால், வயல் மொட்டை! ஒவ்வொரு கன்றும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துண்டாகிக் கிடந்தது.

வேர்வையில் குளித்து நின்ற அண்ணன் முதுகில் ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டு, கூட்டம் எதற்கும் இருக்கட்டுமென்று கொண்டு வந்திருந்த டிராக்டரைத் திருப்பியது. தானியம் போட்டே பழகியவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அறுத்தால் முடிந்தது கதை.

அவள் பத்ரகாளியாகப் பாய்ந்தாள்.

“கூடப் பிறந்தவனா நீ? வெட்டிட்டா ஒழிஞ்சிடுமா? வேர் இருக்குடா! இருந்து பாரு, ஒண்ணு அஞ்சா கிளைக்கும்!”

“கத்தித் தொலைக்காதே, டிராக்டர் இன்னும் முக்கு திரும்பல!” அண்ணன் பதறி அவள் வாயைப் பொத்தினான். “முதல் வருஷம் இப்படி வெட்டி விட்டாத்தான் கிளைக்கும்னு நாத்துப் பண்ணையில கேட்டுட்டுத்தான் கை வெச்சேன். இவனுங்களுக்குப் பயந்து உனக்கு ஒரு கூலியாள் வரமாட்டேங்கறான். நானும் வெட்டலைன்னா வேற யாரு வெட்டுவா?”