மூன்றாவது முடிச்சு

தடைப் பட்டியலில் இருக்கும் நாட்டைத் திரையில் பார்க்கலாம். கையுறை மாட்டிக்கொண்டு, அங்குள்ள இயந்திரக் கைகளை இயக்கி எதையாவது தொட்டால், அங்கே போய்வந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கோமதியையும் அவள் கணவன் சிதம்பரத்தையும் போல வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை மட்டும் உள்ளவர்களுக்கு, அந்த உரிமை அதோடு போய்விடும்.

அந்தப் பட்டியலில் இருந்த சொந்த நாட்டில், திருநெல்வேலியில், கோமதியின் தம்பி நம்பிக்குக் கல்யாணம். அவளுக்காக வாடகைக்கு எடுத்த இயந்திரக் கைகளுக்கு அம்மா வளையல் போட்டு, மணமேடையில் நிறுத்தியிருந்தாள். நம்பி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். மூன்றாவது நாத்தனார் போட வேண்டியது.

"ஏளா கோமு, சீக்கிரம் போடு. பொண்ணு எவ்வளவு நேரம் குனிஞ்சிருப்பா?" என்றாள் அம்மா திரையில்.

"வேற யாரையாவது போடச் சொல்லுங்கத்தை. இவ இங்க இருக்க முடியாமப் போயிரும்," என்றான் சிதம்பரம்.

"கூடப் பொறந்தவ இருக்கும்போது வேற யாரு போடுவா மாப்ளே?"

கோமதி கையுறையை மாட்டினாள். மஞ்சள் கயிறு விரல்களில் ஈரமாகப் பட்டது. இறுக்கி முடிந்தாள்.

கெட்டிமேளம் ஓய்வதற்குள் குடியேற்றத் துறையின் செய்தி வந்துவிட்டது. சிதம்பரம் வாசித்தான். தடை செய்யப்பட்ட நாட்டுக்குச் சென்றதால் அவளுடைய வசிப்புரிமை ரத்து. தண்டனையாக, அவளை அரசாங்கச் செலவில் அந்த நாட்டுக்கே அனுப்புவார்கள். விமானம் நாளைக்கு.

"என்ன காரியம்ட்டி பண்ணிட்ட?" அவன் குரல் உடைந்தது. "நான் மட்டும் இங்க தனியா என்ன செய்வேன்?"

"அழாதீங்க மாப்ளே," என்றாள் அம்மா. "நீங்களும் வந்து இந்தக் குத்துவிளக்கத் தொட்டுட்டுப் போங்க."